மினிடிவி கேமரா: படம் பட்டை பட்டையா வருது, ரீவைண்ட் போட்டா சி:31:22 – அப்பா எடுத்த கேசட்டைக் காப்பாத்தணும்

திருநகர்க்காரி | ஞாயிறு, மாலை 6:10

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க வாசிக்கிறேன், எழுதுறது இதான் முதல் தடவை.

அப்பா சவுதியில வேலை பார்த்தப்ப, 2003 லீவுக்கு வரும்போது ஒரு மினிடிவி (MiniDV, சின்னக் கேசட்டுல டிஜிட்டலாப் பதியுற வகை) கேமரா வாங்கிட்டு வந்தாங்க. உள்ளங்கையில அடங்குற சைஸ், பக்கவாட்டுல திறக்குற ஸ்கிரீன், அடிப்பக்கமா கேசட் போடுற மாடல். உசிலம்பட்டிக்கு மேற்க எங்க குலதெய்வம் கோயில்ல அண்ணன் மகனுக்குக் காது குத்தினப்ப அப்பாதான் முழுக்க எடுத்தாங்க. மாமன் மடியில பிள்ளையை உட்கார வச்சு ஆசாரி காது குத்துறதும், அவன் அழுத அழுகையை நிப்பாட்ட அப்பத்தா தாலாட்டுப் பாடுறதும் அதுல இருக்கு. அப்பத்தா போய்ப் பதினாறு வருஷம் ஆச்சு. அப்பா போய் மூணு வருஷம். அப்பா குரல்னு எங்ககிட்ட இருக்கிறது அந்தக் கேசட் ஒண்ணுதான். கேமராவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு "இங்க பாருய்யா, இங்க பாரு"ன்னு பேசுவாங்க.

போன வாரம் பரண்ல இருந்து கேமராவை இறக்கினேன். பேட்டரி உப்பிப் போச்சு, கரண்ட் அடாப்டர்ல ஓடுது. கேசட்டைப் போட்டா படம் வருது, ஆனா குறுக்கே பட்டை பட்டையா. ஒரு பட்டை நல்லா ஓடுது, அடுத்த பட்டை அப்படியே நிக்குது, அதுக்கடுத்தது ஓடுது. அப்பத்தா நெத்தியும் கண்ணும் அசையுது, வாய் இருக்கிற பட்டை மட்டும் நின்னு போய் இருக்கு. சத்தம் விட்டு விட்டு வருது. ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு ரீவைண்ட் போட்டேன், கர்ர்னு ஒரு சத்தம், சி:31:22-ன்னு காட்டி நின்னுருச்சு. கேசட் வெளிய வந்துருச்சு, நாடா சிக்கலை.

யூஎஸ்பி வயர் போட்டுக் கம்ப்யூட்டர்ல எடுக்கப் பார்த்தேன். மெமரி கார்டு மட்டும்தான் தெரியுது. என்ன பண்றது?

---

மேலூர்_தம்பி | ஞாயிறு, மாலை 6:32

அக்கா, ஹெட் (நாடாவை வாசிக்கிற முனை) அழுக்கு. காது குடையிற பட்ஸ்ல கொஞ்சம் நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்டு அந்த உருளையைத் துடைச்சு விடுங்க, சரியாயிரும். எங்க விசிஆருக்கு அப்பிடித்தான் செஞ்சோம்.

---

பழைய_டெக் | ஞாயிறு, மாலை 6:41

தங்கச்சி, அதைச் செய்யாதீங்க. முதல்ல கேமராவை ஆஃப் பண்ணி அடாப்டரைக் கழட்டி வைங்க. இன்னைக்கு அந்தக் கேசட்டைத் திரும்ப உள்ள போட வேண்டாம். கேசட்டோட முதுகுப் பக்கம் ஒரு சின்னத் தாழ்ப்பாள் இருக்கும், ரெக், சேவ்-ன்னு எழுதியிருக்கும். அதைச் சேவ் பக்கம் தள்ளி வைங்க. கை தவறி சிவப்புப் பொத்தானை அமுக்கிட்டா அது மேல வேற படம் ஏறிரும், அப்புறம் அழுதாலும் வராது.

மேலூர்த் தம்பிக்கு: கோபமில்லப்பா, ஆனா இதை வாசிக்கிற இன்னொருத்தர் செஞ்சுறக் கூடாதுன்னு சொல்றேன். பட்ஸ் பஞ்சு ஹெட்டு நுனியில மாட்டும். விசிஆர் ஹெட்டு இதோட ஒப்பிட்டா முரட்டுச் சாமான். மினிடிவி நாடாவுல படம் கோடு கோடாப் பதியும், அந்த ஒரு கோட்டோட, அதாவது தடத்தோட, அகலம் 10 மைக்ரான். ஒரு தலைமுடி கனத்துல ஏழெட்டுத் தடம் போட்டுறலாம். அதைத் தொட்டு வாசிக்கிற ஹெட்டு எவ்வளவு சின்னதா இருக்கும்னு நினைச்சுப் பாரு. பஞ்சு மாட்டி இழுத்தா நுனி உடையும். நெயில் பாலிஷ் ரிமூவர்ல பெரும்பாலும் இருக்கிறது அசிட்டோன், அது பிளாஸ்டிக்கையே கரைக்கும்.

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் முப்பது வருஷமா டெக்கு, கேமரா பிரிச்சுப் பார்க்கிற கை என்னோடது. உங்களுக்கு இருக்கிறது ரெண்டு தனித்தனிக் கோளாறு. பட்டை வேற, 31:22 வேற. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்க வேண்டாம்.

சாப்பிட்டுட்டு விரிவா எழுதுறேன்.

---

மேலூர்_தம்பி | ஞாயிறு, மாலை 6:50

சரிண்ணே. தெரியாமச் சொல்லிட்டேன். அக்கா, செய்யாதீங்க.

---

பழைய_டெக் | ஞாயிறு, இரவு 9:15

பட்டை விஷயம் முதல்ல.

உள்ள இருக்கிற உருளை, அதாவது டிரம், நிமிஷத்துக்கு 9000 சுத்து சுத்தும். நொடிக்கு 150. அதுல எதிரெதிரா ரெண்டு ஹெட்டு. ஆக நொடிக்கு 300 தடம். நம்ம ஊரு டிவி முறையான பால் (PAL) முறையில நொடிக்கு 25 படம். 300-ஐ 25-ஆல வகுத்தா ஒரு படத்துக்கு 12 தடம். முதல் தடம் ஒரு ஹெட்டு, அடுத்த தடம் மத்த ஹெட்டு, இப்படி மாத்தி மாத்தி ஆறு ஆறு. படத்தையும் மேலிருந்து கீழ 12 வரிசையாப் பிரிச்சு, ஒத்தை வரிசை ஒரு ஹெட்டுத் தடங்கள்லயும் இரட்டை வரிசை மத்த ஹெட்டுத் தடங்கள்லயும் விழுற மாதிரி அடுக்கியிருக்காங்க. ஒரு ஹெட்டு அடைச்சிருச்சுன்னா ஒண்ணு விட்டு ஒரு பட்டை புதுசா வராது. கேமரா என்ன பண்ணும், பழைய படத்தையே அந்த இடத்துல பிடிச்சு வைக்கும். நீங்க சொன்னீங்களே, நெத்தி அசையுது வாய் நிக்குதுன்னு, அது இதேதான். அந்த ஒரு வரியை வாசிச்சதுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

சத்தமும் அதே தடங்கள்லதான் இருக்கு, அதனால அதுவும் பாதி போச்சு.

இதுல நல்ல சேதி என்னன்னா, கேசட்டு பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும். நாடா கெட்டுப் போனா இப்படி வரிசையா, ஒழுங்கா வராது. அங்கங்க சதுரம் சதுரமாத் தெறிக்கும், ஒரு நொடி வரும், போகும்.

இப்ப 31:22. இந்தக் குறி கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உங்க கேமராவுல 21-ன்னு வந்தா உள்ள ஈரம் கோத்திருக்குன்னு அர்த்தம், 22-ன்னு தொடங்கினா ஹெட்டு அழுக்கு, 31-ம் 32-ம் தொடங்குறது மெக்கானிசம் மக்கர். 31-க்குப் பின்னாடி இருபதுல வர்ற நம்பர் ரீல் சுத்துறதுல தகராறு. இருபது வருஷமா ஓடாத கிரீஸ் மெழுகு மாதிரி இறுகிப் போயிருக்கும். ரீவைண்டுக்கு மாறும்போது நடுவுல இருக்கிற சின்னப் பல்சக்கரம் ஒரு பக்கத்துல இருந்து மறு பக்கம் சாயணும். கிரீஸ் பிடிச்சுக்கிட்டா அது பாதியில நிக்கும். அந்தக் கர்ர் சத்தம் அதுதான். ரீல் சுத்தலைன்னு கேமராவுக்குத் தெரிஞ்சதும், நாடா அறுந்துறக் கூடாதுன்னு தானே நின்னுக்குது. உங்க கேமரா அந்தக் கேசட்டைக் காப்பாத்தத்தான் நின்னிருக்கு.

வீட்டுல உதவாத கேசட் ஏதாச்சும் இருக்கா? சோதனை எல்லாம் அதுலதான்.

---

திருநகர்க்காரி | ஞாயிறு, இரவு 9:40

அண்ணே, கண்ணு கலங்கிருச்சு. நாடா போயிருச்சோன்னு ஒரு வாரமாத் தூங்கலை. தாழ்ப்பாளைத் தள்ளிட்டேன்.

பிரிக்காத புதுக் கேசட் ஒண்ணு பெட்டியில இருக்கு. கேமரா பேட்டரியை ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா அப்பா சார்ஜ் போட்டு வைப்பாங்க, கடைசியா அவங்க போட்டதுதான். ஒரு சந்தேகம், படம் ஓடுறப்ப மேல் ஓரத்துல எல்பி-ன்னு ரெண்டு எழுத்து வருது. அது என்ன?

---

பரண்பெட்டி | ஞாயிறு, இரவு 10:05

எல்பி-யா? அப்ப நான் உள்ள வர்றேன்.

எஸ்பி-ங்கிறது சாதாரண ஓட்டம், ஒரு கேசட்டுக்கு 60 நிமிஷம். எல்பி-ங்கிறது மெதுவான ஓட்டம், அதே கேசட்டுல 90 நிமிஷம் பிடிக்கும். விசேஷம் நடுவுல கேசட் தீர்ந்துறக் கூடாதுன்னு அப்பா அதைப் போட்டிருப்பாங்க. விசிஆர் மாதிரி படத்தோட தரம் குறையாது, ரெண்டுலயும் அதே எண்கள்தான் பதிவாகும். மாறுறது தடத்தோட அகலம்: 10 மைக்ரான் 6.7 ஆகிடும்.

அவ்வளவு நெருக்கமா அடுக்கின தடத்தை, எழுதின கேமராதான் சுத்தமா வாசிக்கும். ஒவ்வொரு கேமராவுலயும் நாடா போற உயரம், சாய்மானம் நூலளவு வித்தியாசப்படும். எஸ்பி-யில அந்த வித்தியாசம் தாங்கும், எல்பி-யில தாங்காது. பக்கத்து வீட்டுக் கேமராவுல போட்டா ஓடாமயே போகலாம், ஓடினாலும் தெறிக்கலாம்.

அதனால ஒரு விஷயம் அழுத்திச் சொல்றேன்: அந்தக் கேமராவை யாருக்கும் கொடுத்துறாதீங்க, தூக்கிப் போட்டுறாதீங்க. லென்ஸ் பூத்துப் போயிருக்கட்டும், ஸ்கிரீன் செத்துப் போயிருக்கட்டும், பரவாயில்லை. இனி அது படம் எடுக்கிற கேமரா இல்லை, உங்க அப்பா கேசட்டைத் திறக்கிற சாவி. அதைச் சரி பண்றதுதான் முதல் வேலை.

---

கோச்சடை | திங்கள், காலை 7:20

தங்கச்சி, எங்கிட்ட ஒரு மினிடிவி கேமரா நல்ல கண்டிஷன்ல இருக்கு. அமெரிக்காவுல இருந்து மச்சான் கொண்டு வந்தது. வேணும்னா இன்னைக்கே திருநகர் வந்து கொடுக்கிறேன். எல்பி-ன்னாலும் ஒரு தடவை போட்டுப் பார்த்துறலாமே?

---

பரண்பெட்டி | திங்கள், காலை 7:45

உங்க மனசு பெருசுண்ணே. ஆனா அமெரிக்கா கேமரான்னா என்டிஎஸ்சி, அந்த ஊரு டிவி முறை. அதுல ஒரு படத்துக்கு 10 தடம், நம்மளுக்கு 12. வரிகளும் அங்க 480, இங்க 576. கேசட் அச்சா ஒண்ணா இருக்கும், உள்ள போகும், சுத்தவும் செய்யும், ஆனா பெரும்பாலான என்டிஎஸ்சி கேமராவுல நீலத் திரைதான் வரும். நீங்க அங்க எடுத்த கேசட்டுக்கு உங்க கேமராவைப் பத்திரமா வச்சுக்கோங்க, இந்த ஊர்ல அதை வாசிக்க வேற கேமரா கிடைக்கிறது கஷ்டம்.

---

கோச்சடை | திங்கள், காலை 8:02

ஓ. அதான் தம்பி கல்யாணக் கேசட் எதுல போட்டாலும் நீலமாவே வந்துச்சா? கேசட் அழிஞ்சு போச்சுன்னு நினைச்சுத் தூக்கிப் போட இருந்தேன். நல்ல வேளை, பீரோவுல இன்னும் கிடக்கு.

---

சோழவந்தான்_வீடியோ | திங்கள், மதியம் 2:30

நான் கல்யாண வீடியோக்காரன். தோள்ல வைக்கிற எம்டி 9000, அப்புறம் எம்டி 10000 வச்சு இந்தப் பக்கத்துல ஓடாத மண்டபம் இல்லை. எல்லாம் இந்த மினிடிவி கேசட்தான். ஹெட்டு அடைச்சா கிளீனிங் கேசட்டை ஒரு நிமிஷம் ஓட விட்டா போதும். நாங்க முகூர்த்த சீசன்ல வாரம் ஒருக்காப் போடுவோம், ஒண்ணும் ஆகாது.

---

பழைய_டெக் | திங்கள், மாலை 5:10

தம்பி, உங்க அனுபவத்துக்கு மரியாதை. ஆனா ஒரு நிமிஷம் வேண்டாம். காய்ஞ்ச கிளீனிங் கேசட்டுங்கிறது உப்புத்தாள் மாதிரி. அழுக்கைத் தேய்க்கும், கூடவே ஹெட்டையும் தேய்க்கும். பத்து செகண்டு, நிப்பாட்டு, ரீவைண்ட் பண்ணாம வெளிய எடு. சரியாகலைன்னா இன்னொரு பத்து செகண்டு. நாலஞ்சு தடவைக்கு மேல போகக் கூடாது. வாரம் ஒருக்கா ஒரு நிமிஷம் போட்டதால ஹெட்டு தேஞ்சு என் கடைக்கு வந்த எம்டி 9000 எத்தனையோ.

---

சோழவந்தான்_வீடியோ | திங்கள், இரவு 8:20

என் கேமராவும் ஹெட்டு மாத்தத்தான் வந்துச்சு. அது தேய்மானம்னு சொன்னாங்க, எதனாலன்னு நான் கேக்கலை. இப்பப் புரியுது.

இன்னொண்ணையும் இங்க சொல்லணும். அந்தக் காலத்துல கம்ப்யூட்டர்ல 80 ஜிபி டிஸ்க்தான். ஒரு கேசட் 13 ஜிபி பிடிக்கும். எடிட் பண்ணி டிவிடி போட்டுக் கொடுத்ததும் அழிச்சுருவோம். கேசட்டையும் அடுத்த கல்யாணத்துக்குப் போட்டுருவோம், ஒரு கேசட் நாலு கல்யாணம் பார்த்திருக்கு. இப்ப அந்த வீட்டுப் பிள்ளைங்க போன் பண்ணி, "அண்ணே, டிவிடி கோடு விழுந்துருச்சு, ஒரிஜினல் இருக்கா, தாத்தா பேசினது இருக்கும்"னு கேக்குறாங்க. இல்லைன்னு சொல்றப்ப வாய் வரமாட்டேங்குது. தங்கச்சி கேசட்டுல ஒரே ஒரு தடவைதான் பதிவு ஏறியிருக்கு, அது பெரிய பாக்கியம்.

கல்லழகர் எதிர்சேவை நான் எனக்காக எடுத்தது பதினோரு கேசட் இருக்கு, தல்லாகுளத்துல நின்னு வருஷா வருஷம் எடுத்தது. அதுல மட்டும் எதையும் அழிக்கலை. இந்த இழை முடிஞ்சதும் அதை எடுக்கப் போறேன்.

---

திருநகர்க்காரி | புதன், இரவு 7:30

நேத்து டவுன்ஹால் ரோட்டுக்குக் கேமராவைக் கொண்டு போய் பழைய டெக் அண்ணன்கிட்ட கொடுத்தேன். வேலை பார்க்கிறதைப் பக்கத்துல உட்கார்ந்து பார்க்க விட்டாங்க, அதை எழுதுறேன்.

கேசட் மூடியைத் திறந்து, மூணு சின்ன ஸ்க்ரூ கழட்டி மேல் தகட்டை எடுத்தாங்க. உள்ள டிரம் பெரிய நெல்லிக்காய் அளவுதான் இருக்கு, பளபளன்னு. டார்ச் அடிச்சுக் காட்டினாங்க: அதோட ஓரத்துல பழுப்பா ஒரு கோடு, பவுடர் மாதிரி. நாடாவுல இருந்து உதிர்ந்ததாம். மான்தோல் மாதிரி மெத்துனு ஒரு துணி, அதுல 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் ரெண்டு சொட்டு. துணியை டிரம்மு மேல அசையாமப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கை விரலால டிரம்மு மேல் விளிம்பைத் தொட்டு மெதுவாச் சுத்தினாங்க. துணி அசையக் கூடாது, டிரம்தான் சுத்தணும், மேலயும் கீழயும் இழுத்தா ஹெட்டு போயிரும்னாங்க. துணியில ரெண்டு பழுப்புக் கோடு விழுந்துச்சு. அண்ணன் எதுவும் பேசாம அதை எனக்குக் காட்டினாங்க.

அப்புறம் பல்சக்கரத்துப் பழைய கிரீஸை வழிச்சாங்க. தேன் மெழுகு நிறத்துல இருந்துச்சு. புதுசு ஊசி முனை அளவு வச்சாங்க. அரைமணி நேரம் ஆல்கஹால் ஆற விட்டு, என் புதுக் கேசட்டைப் போட்டு கடைசி வரைக்கும் ஃபார்வேர்டு, திரும்ப ரீவைண்ட், மூணு தடவை. அஞ்சு நிமிஷம் தெருவைப் படம் எடுத்து ஓட்டிப் பார்த்தாங்க. பட்டை இல்லை. முப்பத்திரண்டும் இல்லை, முப்பத்தொண்ணும் இல்லை.

அப்பா கேசட்டை நான் போடச் சொன்னேன். அண்ணன் போடலை.

---

பழைய_டெக் | புதன், இரவு 8:05

ஏன் போடலைன்னு இங்கயே சொல்லிடுறேன், தங்கச்சி மனசுல இருக்கக் கூடாது. இருபது வருஷம் ஓடாத கேசட்டு முதல் ஓட்டத்துலதான் சுத்தமாப் படிக்கும். ஓட ஓட உதிரும், ஹெட்டு திரும்ப அடைக்கும். அந்த முதல் ஓட்டத்தைச் சும்மா பார்த்துத் தீர்க்கக் கூடாது. முதல் ஓட்டமே பதிவு ஓட்டமா இருக்கணும். அந்த வேலைக்குப் பரண்பெட்டித் தம்பிதான் ஆள்.

---

பரண்பெட்டி | புதன், இரவு 9:30

எங்க வீடு எஸ்.எஸ். காலனி, ஞாயிறு வாங்க அக்கா. கேமரா, அடாப்டர், கேசட், அவ்வளவுதான். கேசட்டை வண்டி டிக்கியில வெயில்ல வைக்காதீங்க, கைப்பையில வச்சு எடுத்துட்டு வாங்க. வந்ததும் ஒரு மணி நேரம் அந்த அறைச் சூட்டுக்குப் பழக விடுவோம். ஏசி-யும் போட மாட்டேன். கொடைக்கானல் குளிர்ல இருந்து வத்தலக்குண்டு இறங்கினா கண்ணாடி வேர்க்கும் பாருங்க, அதே மாதிரி குளிர்ந்த டிரம்மு மேல ஈரம் படியும், நாடா அதுல ஒட்டிக்கும்.

இனி வர்றவங்களுக்காக முழுசா எழுதுறேன், ஏன்னா இந்தக் கேள்வி மாசம் ஒருக்கா வருது.

யூஎஸ்பி-யில வராது. அந்தக் காலக் கேமராவுல யூஎஸ்பி பெரும்பாலும் மெமரி கார்டுல இருக்கிற போட்டோவுக்குத்தான். நாடாவுக்குன்னு தனி வாசல் இருக்கு, டிவி-இன்-அவுட் (DV IN/OUT), இல்லைன்னா ஐ-லிங்க்-ன்னு எழுதியிருக்கும், நாலு முள் உள்ள குட்டி ஓட்டை. அதுதான் ஃபயர்வயர். அது வழியா வர்றது படம் இல்லை, நாடாவுல எழுதியிருக்கிற எண்கள் அப்படியே. பிரதி எடுக்கிறதுல தரம் ஒரு இழை கூடக் குறையாது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் போட்டு எடுத்தா எண்ணைப் படமாக்கி, படத்தைத் திரும்ப எண்ணாக்கி, நடுவுல ரெண்டு தடவை கெடும்.

எனக்கே நடந்தது சொல்றேன். 2011-ல ஒரு கடையில எங்க வீட்டுக் கேசட் ஆறைக் கொடுத்தேன். மூணு வயர் போட்டு எடுத்து டிவிடி-யில அமுக்கிக் கொடுத்தாங்க. கை அசைஞ்சா சீப்புப் பல்லு மாதிரி கோடு. அது போதாதுன்னு, ஆடின இடம், இருட்டு இடம், தரையைப் பார்த்த இடம் எல்லாம் "வேஸ்ட்டு"ன்னு வெட்டிட்டாங்க. கேசட்டையும் திருப்பித் தரலை, கேட்டா இல்லைன்னுட்டாங்க. எங்க தாத்தா நடந்து வர்றது அந்த ஆடின இடத்துலதான் இருந்துச்சு. அன்னைக்கு ஃபயர்வயர் கார்டு வாங்கினவன்தான் நான். எதையும் வெட்டாதீங்க. வெட்டுறது எப்ப வேணாலும் வெட்டலாம்.

இப்ப லேப்டாப்புல ஃபயர்வயர் கிடையாது. நான் வச்சிருக்கிறது பழைய டெஸ்க்டாப், அதுல பிசிஐ ஸ்லாட்டுல ஒரு கார்டு, விண்டோஸ் 10. டிவைஸ் மேனேஜர்ல டிரைவரை லெகசி-ன்னு இருக்கிற பழைய டிரைவருக்கு மாத்தினா ஒழுங்கா ஓடுது. லினக்ஸ் தெரிஞ்சா டிவிகிராப்-ங்கிற புரோகிராம் போதும். மேக் வச்சிருக்கவங்க பழைய மேக்கைப் பிடிச்சு வச்சுக்கோங்க, 2025-ல வந்த மேக்ஓஎஸ் டாஹோவுல ஃபயர்வயரையே எடுத்துட்டாங்க. இணையத்துல ஒரு பக்கம் ஃபயர்வயர் ஒரு பக்கம் யூஎஸ்பி-ன்னு நூறு, இருநூறு ரூபாய்க்கு ஒரு வயர் விக்குது, வாங்காதீங்க. உள்ள வெறும் கம்பிதான், ரெண்டும் வேற வேற மொழி பேசுறது, கம்பி மொழிபெயர்க்காது.

வயரைச் சொருகுறப்பக் கேமரா ஆஃப்ல இருக்கட்டும். கம்ப்யூட்டர் பக்கம் ஆறு முள் பிளக், அதுல கரண்டும் வரும். அதைத் தலைகீழா அழுத்திச் சொருகினா கேமராவோட வாசல் புகைஞ்சுரும், அப்புறம் வழியே இல்லை.

டிஸ்க் என்டிஎஃப்எஸ்-ல ஃபார்மேட் ஆகியிருக்கணும். எஃப்ஏடி32-ஆ இருந்தா 4 ஜிபி-யோட ஃபைல் நின்னுரும், நொடிக்கு 3.6 எம்பி வீதம் 20 நிமிஷத்துக்குள்ள வந்துரும். ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி, எல்பி முழுக் கேசட்டுன்னா ஏறக்குறைய 20 ஜிபி. நான் வின்டிவி வச்சு எடுக்கிறேன், ரொம்பச் சின்ன புரோகிராம், தலையிடாது.

அங்கங்க தெறிச்சா பயப்பட வேண்டாம். இன்னொரு தடவை ஓட்டி எடுத்துக்கலாம். ஒவ்வொரு ஓட்டத்துலயும் ஒவ்வொரு இடத்துல விடும், டிவிரெஸ்க்யூ-ன்னு இலவச மென்பொருள் ரெண்டு ஓட்டத்துலயும் நல்லா வந்ததைப் பொறுக்கி ஒரே ஃபைலா சேர்க்கும்.

இன்னொண்ணு, நிறையப் பேருக்குத் தெரியாது. ஒவ்வொரு படத்தோடயும் எடுத்த தேதி, மணி, நிமிஷம், நொடி நாடாவுலயே பதிவாகியிருக்கும், திரையில தெரியாட்டாலும். ஃபயர்வயர்ல எடுத்தாத்தான் அதுவும் கூட வரும்.

---

மேலூர்_தம்பி | புதன், இரவு 10:10

அண்ணே, கேசட்டு ஜன்னல் வழியா பார்த்தா நாடா ஓரத்துல வெள்ளையாத் தூள் மாதிரி இருந்தா? எங்க பெரியப்பா வீட்டுல ரெண்டு இருக்கு.

---

பழைய_டெக் | புதன், இரவு 10:25

பூஞ்சை. எந்தக் கேமராவுலயும் போடாதே. போட்டா அந்தக் கேமராவுக்கும் ஒட்டி, அதுல அடுத்துப் போடுற கேசட்டுக்கும் ஒட்டும். ஒரு டப்பாவுல சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட மூடி வச்சு ஒரு வாரம் காய விட்டுட்டு என்கிட்ட கொண்டு வா, பார்ப்போம். கேட்டுட்டுச் செய்யுற பாரு, அது நல்லது.

---

திருநகர்க்காரி | ஞாயிறு, இரவு 11:20

அம்மாவையும் என் கூடப்பிறந்த அண்ணனையும் கூட்டிக்கிட்டுப் போனேன். காது குத்தினப்ப அழுத பிள்ளை இப்பக் கப்பலூர்ல வேலைக்குப் போறான், அவனும் வந்தான்.

ஒண்ணே முக்கால் மணிக்கு ஓட்டம் ஆரம்பிச்சோம். பரண்பெட்டித் தம்பி மின்விசிறியைக் கூட நிறுத்திட்டார். பட்டை இல்லை. ஸ்கிரீன் ஓரத்துல தவறிய படம்னு ஒரு எண் ஓடுது, அது பூஜ்யத்துலயே நின்னுச்சு. பதினெட்டாவது நிமிஷத்துல அப்பத்தா வந்தாங்க. முழு முகம், வாய் அசையுது. பாட்டு நாலு வரி கழிச்சு மறந்து போய், திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கிறாங்க. எனக்கு அது ஞாபகமே இல்லை.

நாங்க எல்லாரும் அது 2004-ன்னே சொல்லிக்கிட்டு இருந்தோம். நாடாவுல 2005 ஜூன், காலை 10:47. அம்மாதான் சொன்னாங்க, "அதானே, அப்ப இந்தத் தோடு வாங்கியாச்சே"ன்னு.

முப்பத்தி ஒண்ணாவது நிமிஷத்துல ரெண்டு இடம் தெறிச்சுச்சு. கேசட்டை ஒரு மணி நேரம் ஆற வச்சு ரெண்டாவது தடவை ஓட்டினோம், அதுல வேற இடத்துல ஒண்ணு. சேர்த்ததும் ஒண்ணும் தெரியலை. ஃபைலை மூணு இடத்துல வச்சாச்சு: என்கிட்ட ஒண்ணு, அண்ணன்கிட்ட ஒண்ணு, தம்பி வீட்டு டிஸ்க்ல ஒண்ணு.

கடைசியில என்ன இருக்குன்னு சொல்லணும். அறுபத்தெட்டாவது நிமிஷத்துல பந்தி முடியுது, "சரி போதும்"னு அப்பா சொல்றாங்க, படம் கீழ இறங்குது. பொத்தான் சரியா அமுங்கலை போல. கேமரா கையில தொங்குது. செம்மண், வேப்பம்பழம், அப்பாவோட பழுப்புச் செருப்பு, வேட்டிக் கரை. நாலு நிமிஷம் அப்படியே நடக்குறாங்க. அப்பத்தா கூட வர்றாங்க போல, அவங்க காலு ஒரு தடவை வருது, தண்டை தெரியுது.

"சாப்பிட்டியாய்யா?"

"நீ சாப்பிட்டியாம்மா?"

"பிள்ளைங்க சாப்பிடட்டும்."

"வா, ரெண்டு பேரும் சேர்ந்து உக்காருவோம்."

அம்மா அந்த நாலு நிமிஷத்தை மூணு தடவை போடச் சொன்னாங்க. அந்தச் செருப்பு இன்னும் எங்க வீட்டு மாடிப்படிக்குக் கீழதான் இருக்கு.

---

பழைய_டெக் | ஞாயிறு, இரவு 11:48

தங்கச்சி, கேசட்டை முழுசா ரீவைண்ட் பண்ணி, டப்பாவுல போட்டு, புத்தகம் மாதிரி நிமிர்த்தி வைங்க. பரண்ல வேண்டாம், மொட்டை மாடிச் சூடு நேரா இறங்கும். கேமராவுல இருந்து கேசட்டை எடுத்துட்டீங்களா? உள்ளயே விட்டுறாதீங்க.

---

திருநகர்க்காரி | ஞாயிறு, இரவு 11:52

எடுத்துட்டேண்ணே. கீழ் ரூம் பீரோவுல, அம்மா சேலைக்குப் பக்கத்துல.

---

சோழவந்தான்_வீடியோ | திங்கள், காலை 6:15

பரண்பெட்டி, அடுத்த ஞாயிறு ஃப்ரீயா? பதினோரு கேசட். எல்லாம் எஸ்பி, எல்லாம் சேவ் பக்கம் தள்ளியாச்சு.